கொக்கு வேடத்தில் நின்றவன் உன் தம்பி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பாவும் நலம், அவருடைய இடது முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. பேருந்து ஓட்டுகிற வேலையை விட்ட பிறகும் நாற்காலியில் உட்கார்ந்தால் வலது காலை பிரேக் மேல் வைத்திருப்பது போலத்தான் வைத்துக்கொள்கிறார், டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொன்னால் நாளைக்கு என்கிறார். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், கடைசியாக அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. உன் தம்பி நலமா என்பதை இதை முழுக்கப் படித்த பிறகு நீயே சொல். போனில் பேசியிருக்கலாம். போனில் என்றால் ‘அம்மா, இரு, நான் விளக்கறேன்’ என்பாய், நீ விளக்க ஆரம்பித்தால் கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனை வைக்க வேண்டியிருக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் காகிதம்.

நீ சொன்னாய் என்றுதான் அந்தக் காமிக்ஸ் ரசிகர் கூட்டத்துக்குப் போனேன். ‘என் ஆராய்ச்சியைப் பத்தி எங்க பேராசிரியர் பேசப் போறாங்கம்மா, என்னால வர முடியல, எனக்குப் பதிலா நீ முன்வரிசையில உட்காரு’ என்று அத்தனை தடவை சொன்னாய். கண்ணாடிக் கடையில் சனிக்கிழமைதான் கூட்டம் அதிகம், முதலாளியிடம் பல்லைக் காட்டி விடுப்பு வாங்கினேன். என்ன விசேஷம் என்றார். என் மகள் காமிக்ஸைப் பற்றியும் அதைப் படித்துவிட்டு வேஷம் போடுகிறவர்களைப் பற்றியும் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கப் போகிறாள் என்றேன். ‘அதுக்கெல்லாமா பட்டம் குடுக்கறாங்க, அப்ப என் பேரன் எப்பவோ டாக்டர் ஆகியிருக்கணுமே’ என்று, பிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் முன்னாலேயே சிரித்தார். உனக்காக அவரோடு மல்லுக்கு நின்றேன். ஜனங்கள் எதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று படிப்பதும் படிப்புதான் என்று, நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். இப்போது அந்த ஆளிடம் போய் நீங்கள் சொன்னதே சரி என்று சொல்ல வேண்டும்போல இருக்கிறது, சொல்ல மாட்டேன், அவருக்கு ஏற்கனவே தலைக்கனம் அதிகம்.

மண்டப வாசலிலேயே அட்டைக் கத்தியும் பிளாஸ்டிக் கவசமுமாக ஒரு படை நிற்கிறது. கழிப்பறை வரிசையில் என் பின்னால் ஒரு டிராகன் நின்றது, ‘ஆன்ட்டி, கொஞ்சம் இந்த வாலைப் பிடிச்சுக்கிறீங்களா, கதவுல மாட்டிக்குது’ என்றது, பிடித்துக்கொண்டேன். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வாரம் முழுக்க எவனோ ஒருவனுக்குக் கீழே கைகட்டி நிற்கிறவர்கள் ஒரு நாள் டிராகனாக நிற்கிறார்கள், நின்றுவிட்டுப் போகட்டும். என் வயிற்றெரிச்சல் எல்லாம் தாழ்வாரக் கடைசியில் இருந்த உங்கள் ஆராய்ச்சிக்காரர்களின் அறைமேல்தான். வெளியே ஜனங்கள் தரையில் காகிதம் விரித்துச் சாப்பிடுகிறார்கள், உங்கள் அறைக்குக் கம்பளம், கண்ணாடிக் குடுவையில் தண்ணீர், பேச வந்தவர்கள் கழுத்தில் அட்டை தொங்கும் நீல நாடா. மற்ற எல்லோருக்கும் மஞ்சள் நாடா. நீல நாடாக்காரர்கள் மஞ்சள் நாடாக்காரர்களைப் பற்றிப் பேசத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், ஆனால் அவர்களோடு ஒருத்தராவது நின்று பேசியதை நான் பார்க்கவில்லை. முதலில் பேசியவர் படக்கதையில் வருகிற பேச்சுக் குமிழிக்கு இருக்கும் சின்ன வாலைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். வால் வாயைத் தொட்டால் ஒரு தத்துவமாம், தொடாமல் நின்றால் வேறு தத்துவமாம். அடுத்தவர் நாயகர்களின் முதுகில் தொங்குகிற துணியைப் பற்றிப் பேசினார், அந்தத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்த பெரியவர் என் பக்கத்து நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கினார். நீல நாடாக்காரர்கள் ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொண்டார்கள். உன் மானம் என் கையில் இருக்கிறது என்று சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

உன் தம்பி போடுகிற வேடம் உனக்குத் தெரியும், ஏதோ ஒரு கதையில் கோட்டை வாசலில் காவல் நின்று நாலு பக்கத்தில் செத்துப்போகிற கொக்கு. நாயகனையெல்லாம் விட்டுவிட்டு இதையாடா பிடித்தாய் என்று அப்பா கேட்டதற்கு, ‘நாயகனா ஆயிரம் பேர் இருக்காங்கப்பா, வாசல்ல நிக்க யாருமில்ல’ என்றான். தான் வேலை பார்க்கும் பார்சல் கிடங்கில் உடைந்த பெட்டிகளிலிருந்து மிஞ்சும் ஃபோமைக் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு இறகாக வெட்டி, சாயம் பூசி, நம் கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் காயப்போட்டுச் செய்த இறக்கை. அங்கே அவன் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது, முகம்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது, கொக்கு என்றால் மண்டபத்துக்கே தெரியும். ‘கொக்கு வந்தாச்சு’ என்கிறார்கள், ‘கொக்கு, ஒரு போட்டோ’ என்கிறார்கள். அவன்தான் தன் கூட்டாளிகள் அத்தனை பேரையும், அவர்களுக்கு வேடம் தைத்துக் கொடுக்கிற பெண்ணையும் சேர்த்து, ‘எங்க அக்கா எழுதினது, வந்து கேளுங்க’ என்று இழுத்துக்கொண்டு வந்தான். உங்கள் அறை நிறைந்ததே அவனால்தான். கதவு குறுகலானது, இரண்டு பேர் இறக்கையைச் சாய்த்துப் பிடித்துத்தான் அவனை உள்ளே நுழைத்தார்கள். உட்கார முடியாதென்று பின்சுவர் ஓரமாக நின்றான். நான் திரும்பிப் பார்த்தேன், அலகை ஒரு தடவை ஆட்டினான், எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் பேராசிரியர் அம்மாவுக்கு நல்ல குரல். முதலில் உன்னைப் பாராட்டினார், மனசு குளிர்ந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆய்வில் பங்கேற்றவர்களின் அடையாளம் முழுமையாகக் காக்கப்பட்டிருக்கிறது, பெயர்களை எடுத்துவிட்டோம், முகங்களை மறைத்துவிட்டோம் என்று நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டு, திரையில் ஒரு படத்தைப் போட்டார். பங்கேற்பாளர் எண் நான்கு. கொக்கு. மகளே, கொக்கின் முகத்தைக் கலைத்து வைத்திருந்தீர்கள். முகமூடியை மறைத்திருந்தீர்கள். அலகு இருந்த இடத்தில் பால் கொட்டியதுபோல ஒரு மங்கல், அதற்குக் கீழே இறகு இறகாக உன் தம்பியின் இறக்கை, மண்டபமே அறிந்த இறக்கை, பளிச்சென்று தெரிகிறது. இத்தனை படித்த தலைகள் கூடி உட்கார்ந்து, எது அவனுடைய முகம் என்றுகூடக் கண்டுபிடிக்கவில்லை. ‘டேய், நம்ம கொக்குடா’ என்று முதலில் சந்தோஷமாகத்தான் சத்தம் எழுந்தது. பிறகு படத்துக்குப் பக்கத்தில் எழுத்துகள் வந்தன, அவர் வாசித்தார். எண் நான்கு தன் குழுவினரிடம் தான் ஓவியராக வேலை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். உண்மையில் அவர் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறார். குழுவில் எவருக்கும் இது தெரியாது. அடித்தட்டு இளைஞரின் ஈடுசெய்யும் கற்பனைக்கு இது தூய்மையான உதாரணம். அந்தத் ‘தூய்மையான’ என்ற சொல்லை அவர் தேன் தடவிச் சொன்னார்.

அறை அடங்கிப்போயிற்று. மஞ்சள் நாடாத் தலைகள் எல்லாம் பின்சுவர்ப் பக்கம் திரும்பின. பேராசிரியருக்கு மட்டும் எதற்கென்று புரியவில்லை, தன் பேச்சு அவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார். உன் தம்பி வெளியே போகப் பார்த்தான், போக முடியவில்லை, இறக்கையை இரண்டு பேர் சாய்த்தால்தானே கதவு. ஒரு பக்கமாகத் திரும்பினான், இடித்தது, மறுபக்கம் திரும்பினான், இடித்தது. கூட்டிக்கொண்டு வந்த கூட்டாளிகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவனோ ஒருவன் ‘பார்சல் மாட்டிக்கிச்சு, அட்ரஸ் தப்பு’ என்றான், நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் நாற்காலிகளுக்கு நடுவே இடித்துப் பிடித்துப் போவதற்குள் அந்தத் தையல்காரப் பெண் எழுந்துபோய் அவன் முதுகுப் பட்டையை அவிழ்த்துவிட்டாள். இறக்கையைச் சுவரோரம் போட்டுவிட்டு அலகோடு ஓடினான்.

அதற்குப் பிறகு நான் பேசினேன். உனக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள், அதனால் நானே எழுதிவிடுகிறேன். ‘ஏம்மா, அந்தப் பிள்ளை உங்ககிட்ட வந்து சொன்னானா? அவன் ஒருத்திகிட்ட சொன்னதை எடுத்து ஊரு முன்னாடி ஏன் கடைபரப்புறீங்க? உங்க வீட்டுல யாரும் எதையும் மறைச்சதில்லையா, அதையும் திரையில போடுங்களேன், நாங்களும் பார்க்கறோம்’ என்றேன். மைக்கை நீட்டினார்கள், என் தொண்டையே போதும் என்றேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. முகமெல்லாம் மலர்ந்து, ‘ரொம்ப அருமையான எதிர்வினைம்மா, இதைப் பதிவு பண்ணிக்கலாமா?’ என்று கேட்டார். வயிறு எரிந்து கத்துகிறேன், அதுவும் உங்களுக்கு ஒரு சரக்கு. எண் நான்கைப் பெற்றவள் நான் என்றேன். அப்போதுதான் கையிலிருந்த பேனாவை வைத்தார். வைத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா, ‘ஆனா பேர் போடலையேம்மா’ என்றார்.

வீட்டுக்கு வந்தவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான், ‘அக்காகிட்டதான்மா சொன்னேன்.’ பல நாள் கழித்துத்தான் மீதியைப் பிடுங்க முடிந்தது. முதன்முதலில் யாரோ அந்த இறகைத் தொட்டுப் பார்த்து ‘நீங்க ஆர்ட்டிஸ்டா’ என்று கேட்டார்களாம், இவன் தலையை ஆட்டிவிட்டான், அவ்வளவுதான் அவன் சொன்ன பொய். பிறகு அதைத் திருப்பி வாங்க வாய் வரவில்லை. இதையும் உன்னிடம் சொல்லியிருக்கிறான், ஆனால் இது திரையில் வரவில்லை, உங்களுக்கு இது அவ்வளவு தூய்மையாக இல்லை போலிருக்கிறது. அந்தத் தையல்காரப் பெண் இறக்கையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். ஆறுதல் சொல்ல வந்தாள் என்று நினைத்தேன், வாசலில் நின்றே அவனை விளாசினாள். ‘நான் துணிக்கடைக்குப் பின்னாடி பட்டன் தைக்கிறவ. அந்த டிராகன் ஆஸ்பத்திரியில தரை துடைக்குது. எங்ககிட்ட எதுக்குடா பொய் சொன்ன, நாங்க என்ன உனக்குச் சம்பந்தம் பேச வந்தவங்களா?’ என்றாள். அவன் இறக்கையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றான். ‘எவனுக்கும் அளவு சேராது’ என்று சொல்லி அலமாரிமேல் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைத் தொடவில்லை, கூட்டங்களுக்கும் போவதில்லை, வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். கிடங்கில் இரட்டை ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருக்கிறான் என்று அப்பா சொல்கிறார். இதுதான் உன் தம்பியின் நலம்.

உன் பேராசிரியர் எனக்குப் போன் செய்தார். உன் ஆராய்ச்சி புத்தகமாகப் போகிறதாம், எண் நான்கை எடுத்தால் ஒரு அத்தியாயமே விழுந்துவிடுமாம், நீ இன்னொரு வருஷம் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்குமாம். ‘வேணும்னா எண்ணை மாத்திடலாம்மா, நாலுக்குப் பதிலா ஏழுன்னு போட்டுக்கலாம்’ என்றார். சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. முடிவு உங்கள் மகள் கையில்தான் என்று சொல்லி வைத்துவிட்டார், அவ்வளவு தூரம் அவர் நியாயஸ்தர்தான். அவரைத் திட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, அவர் வாசிக்க மட்டும்தான் செய்தார், எழுதியது நீ. அடித்தட்டு இளைஞர் என்று எழுதியிருக்கிறாய். அந்த இளைஞரும் நீயும் ஒரே போர்வைக்கு இழுபறி நடத்தி வளர்ந்தவர்கள். அவன் அடித்தட்டு என்றால் நீ எப்போது மாடிக்குக் குடிபோனாய், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நம் ஜனங்களைப் பற்றி யாருமே எழுதவில்லை, நான் எழுதப் போகிறேன் என்று கிளம்பியவள் நீ. அப்போது நான் நம்பினேன். நம் கதையை எழுதுவதென்றால் நம் வீட்டு அழுக்குக் கூடையைக் கொண்டுபோய் கம்பளம் விரித்த அறையில் கவிழ்ப்பது என்று எனக்குத் தெரியாது. நீ அவனிடம் கேட்டாயாம், ‘எடுத்துக்கவாடா’ என்று, அவனும் ‘எடுத்துக்கோக்கா’ என்றானாம். இறக்கையைக் கேட்கிறாய் என்று நினைத்திருப்பான்.

உனக்கு எழுதப் போகிறேன், என்ன எழுதட்டும் என்று இன்றைக்கு அவனைக் கேட்டேன். வேலைக்குக் கிளம்பி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. ‘அவ படிப்பு கெட வேணாம்மா, போட்டுக்கட்டும். எப்படியும் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு’ என்றான். அவன் சொன்னதை மறைக்க எனக்கு உரிமை இல்லை, அதனால் ஒரு எழுத்து விடாமல் எழுதிவிட்டேன். உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, உன் பேராசிரியரிடம் காட்டினால் சந்தோஷப்படுவார். ஆனால் அவன் அதைச் சொன்னபோது நீ எதிரில் இல்லை, நான் இருந்தேன். கட்டி முடித்த நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான், அப்படியும் நிமிரவில்லை. அவன் போடச் சொல்கிறான், நான் எடு என்கிறேன். யார் பேச்சைக் கேட்கப் போகிறாய் என்று பார்க்கிறேன். ஒரு வருஷம் கூட ஆனால் ஆகட்டும், நீ அங்கே உட்கார்ந்து எழுது, வராத மகளுக்காக இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க எங்களுக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, உனக்கு உடனே தொண்டை கட்டிவிடும். நீ நன்றாக இருக்க வேண்டும், நல்ல பெயர் எடுக்க வேண்டும், இவ்வளவு திட்டினாலும் என் ஆசீர்வாதம் அதுதான், அப்பாவுடையதும் அதுதான். ஒன்றை மறந்துவிடாதே. என்ன முடிவு செய்தாலும் முதலில் அவனிடம் சொல், மற்றவர்களிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில்தான் இருப்பான். கூப்பிட்டால் எடுப்பான். நீ கூப்பிட்டு அவன் எடுக்காமல் இருந்தது உண்டா?

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா.