பன்னிரண்டில் ஏழு

ஆகஸ்ட் 9, வியாழன்
இன்று மூளைச் சோதனை. அமெரிக்கக் கால்பந்து சீசன் தொடங்குமுன் எங்கள் கல்லூரி அணியில் எல்லோரும் கணினி முன் உட்கார்ந்தாக வேண்டும். பன்னிரண்டு சொற்களைக் காட்டி, சற்றுக் கழித்து எவை வந்தன என்று கேட்பார்கள். படங்களும் அப்படியே; பொத்தானை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்றும் பார்ப்பார்கள். அது நலமாக இருக்கும்போது எடுக்கும் அளவு. பிறகு தலையில் அடிபட்டால், மறுபடி சோதித்து இதோடு ஒப்பிட்டுத்தான் ஆடவிடுவார்கள்.

வரிசையில் சியோனே காதருகில் வந்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் குனிந்து எனக்குப் பந்தைப் பின்னால் தருகிறவன், அறைத்தோழன். "மாப்ள, ரொம்ப அறிவாளியா இருந்துடாத. ஏழு போதும். அடிபட்ட அன்னிக்கும் ஏழு வரும்ல?"

பன்னிரண்டும் தெரிந்தன. ஏழுதான் போட்டேன். படங்களிலும் வேண்டுமென்றே தப்பு செய்தேன், பொத்தானையும் மெதுவாக அழுத்தினேன். எல்லோரும் செய்வதுதானே! மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, இப்போதுதான் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு ஆட்டத்தைக்கூட விட முடியாது.

மருத்துவ உதவியாளர் மார்லீன் திரையைப் பார்த்தார். "என்னப்பா கோல்பி, ராத்திரி தூங்கலையா?"

செப்டம்பர் 1, சனி
வென்றோம்! என் கையிலிருந்து மூன்று டச்டவுன். அம்மா போனில் பேசினாள், ஆட்டம் முழுக்கக் கத்தியதில் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

அக்டோபர் 6, சனி
பந்தை எறிந்த பிறகு ஒருவன் வந்து மோதினான். எழுந்தபோது ஸ்கோர் பலகை இரண்டாகத் தெரிந்தது. சியோனே சட்டையைப் பிடித்து இழுத்தான். "எங்கடா போற? நம்ம ஆளுங்க இந்தப் பக்கம்."

அக்டோபர் 10, புதன்
வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. மார்லீனிடம் வலியே இல்லை என்றேன். மறுபடி பன்னிரண்டு சொற்கள். இம்முறை முழுமூச்சாக முயன்றேன்.

ஏழு.

"அதே ஏழு, எல்லாம் பழையபடிதான் இருக்கு. டாக்டர்கிட்ட குடுத்துடறேன், சனிக்கிழமை ஆடு" என்றார். மற்ற ஐந்தும் எங்கே போயின?

அக்டோபர் 19, வெள்ளி
போன சனிக்கிழமை ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதிக்குப் பிறகு எதுவும் நினைவில்லை. மறுபடி தலையில் அடியாம், வாந்தியாம், ஆம்புலன்ஸாம். நான்கு நாள் ஆஸ்பத்திரி. அம்மா விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 25, வியாழன்
மார்லீனைக் கட்டாய விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். அடிபட்டவனை ஏன் ஆடவிட்டாய் என்று விசாரணை.

முதல் வருடம் வீட்டு நினைப்பில் நான் அழுதபோது, கணுக்காலுக்குக் கட்டுப் போடுவதாகச் சொல்லி, என்னை அரைமணி நேரம் தன் அறையில் மறைத்து வைத்தவர் அவர்.

சியோனே வந்தான். "வாயத் தொறக்காத. அந்தம்மாவுக்கு வேற வேல கெடைக்கும். பந்து எறியற இந்தக் கைய விட்டா உனக்கு வேற பொழப்பு இருக்கா? பெரிய லீக்ல இருந்து ஆள் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க, தெரியும்ல?"

தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். கோழை நாய் நான்.

அக்டோபர் 29, திங்கள்
சொல்லிவிட்டேன். டாக்டர், கோச், விசாரணைக்காரர்கள் எல்லோர் முன்னாலும். சியோனே பெயரைச் சொல்லவில்லை.

கோச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"சரி, அப்போ உன் நிஜ அளவு என்ன?"

"பன்னிரண்டும் தெரிஞ்சுது, டாக்டர்."

"அத நீ சொல்ற. படம், வேகம், அதெல்லாம்? எங்கயும் பதிவு இல்லையே. நீ பழைய நெலமைக்கு வந்துட்டியான்னு நான் எத வச்சுப்பா பாக்கறது? ரெண்டு அடி வேற. ஆடலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற யாரும் போடவும் மாட்டாங்க."

அவ்வளவுதானா? அவ்வளவுதான். இருபத்திரண்டு வயதில் முடிந்தது.

அக்டோபர் 30
எழுத முடியவில்லை. தலை.

நவம்பர் 17, சனி
சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். கடைசி வருடக்காரர்களைப் பெற்றோரோடு உள்ளே அழைக்கும் நாள். தோள்கவசம் இல்லாமல், வெறும் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக அம்மாவோடு நடந்தேன். கூட்டம் எழுந்து என் பெயரைக் கத்தியது. சத்தம் தாங்காமல் நடுக்கோட்டை எட்டுமுன்பே திரும்பிவிட்டேன்.

மார்லீன் வேலைக்கு வந்துவிட்டார். ஓரத்தில் நின்றவர், என் உள்ளங்கையில் காதுக்குப் பஞ்சு வைத்தார். மன்னிப்புக் கேட்க நினைத்து, அழுதுதான் தொலைத்தேன்.

ஆட்டம் தொடங்குமுன்பே கிளம்பிவிட்டோம். அம்மா காரை மெதுவாக ஓட்டினாள். பனி தூறியது. ஊர் எல்லை தாண்டிய பிறகு கேட்டாள்: "இப்போ எப்படிப்பா இருக்கு? பழையபடி ஆயிட்டியா?"

"ஆயிட்டேம்மா" என்றேன்.