மேற்குப் பக்க இடைவெளி

8-10-2007, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. என் வழியை அடைக்கிறார்கள். என்னைக் கேட்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல். தயாளன் செய்த அநியாயம் இது. பெயரைப் போட்டே எழுதி வைக்கிறேன்.

இந்த முக்கால் ஏக்கரை எனக்கு விற்றவர் அவன் அப்பா முனுசாமி. சுற்றிலும் அவர்கள் வயல். நடுவில் என் நிலம், கிணறு, ஒற்றை அறை வீடு. படப்பை ரோட்டுக்குப் போக மேற்கே அவர்கள் வயலோரம் ஒரு வண்டிப் பாதை. பத்தொன்பது வருடமாக அதுதான் எனக்கு வழி. முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், இப்போது எட்டு மாதமாக இங்கேயே குடியிருந்து. போன மாதம் தயாளன் வயல் முழுவதையும் மனை போடும் ஆட்களுக்கு விற்றுவிட்டான். இன்று லாரியில் சிமெண்ட் கம்பங்கள், பலகைகள் வந்து இறங்கின. என் எல்லையை ஒட்டி, கிழக்கிலும் வடக்கிலும் கம்பம் நட்டாகிவிட்டது.

சேலையூரில் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி கட்டி என் ஜன்னலை மூடினார். கேம்ப் ரோடு ஹாரன் வேறு. அதெல்லாம் வேண்டாம் என்றுதான் ரிடையர் ஆனதும் இங்கே வந்தேன்.

கத்தரிக்குத் தண்ணீர் விட்டேன். பி.பி. மாத்திரை ஒன்பது பாக்கி.

9-10, செவ்வாய்

வெயில். கம்பங்களுக்கு நடுவே பலகை சொருகுகிறார்கள். செங்கல் சுவர் என்றால் ஒரு மாதமாவது ஆகும். இது கண் எதிரே வளர்கிறது. டீ குடித்து முடிப்பதற்குள் பத்தடி.

மேஸ்திரியிடம் போனேன்.

"வழி எங்கேப்பா விடப்போறீங்க?"

"இன்னா வழி?"

"என் வழி. ரோட்டுக்குப் போறது."

"எங்க ப்ளான்ல வழி இல்ல பெருசு. உன் டாக்குமெண்ட்ல இருந்தா எடுத்தாந்து காட்டு. ஆபீஸ்ல சொல்றேன்."

"இருக்கு. காட்டறேன்."

"அப்ப காட்டு. இன்னாத்துக்கு டென்ஷன் ஆவுற?"

பலகை தூக்கிக்கொண்டிருந்தவன், "ஹெலிகாப்டர் வாங்கிக்கச் சொல்லுண்ணா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"இருக்கு" என்று ஏன் சொன்னேன்? யோசிப்பதற்கு முன் வாய் சொல்லிவிட்டது.

10-10, புதன்

பத்திரத்தை எடுத்துப் படித்தேன். மூன்று முறை. இல்லை.

இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். இந்த நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன். பத்திரத்தின் வாசகம் என்னுடையது. எட்டாவதோடு படிப்பு நின்றவன் நான். தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். பழைய புத்தகக் கடையில் சட்டப் புத்தகம் வாங்கி நானே படித்தேன். எவன் எழுதினதிலும் பிழை கண்டுபிடிப்பேன். பதிவு ஆபீஸ் வாசலில் பத்திர எழுத்தர் வழக்கமான மாதிரி ஒன்றை நீட்டினார். அதில் ஒரு நீளமான வரி. ஜலம், தரு, நிதி, நிட்சேபம், பாஷாணம், வழிநடை பாத்தியங்கள் உட்பட என்று. இங்கே புதையலும் இல்லை, பாறையும் இல்லை, எதற்கு இந்த அலங்காரம் என்று வரி முழுவதையும் அடித்துவிட்டேன்.

"சார், அது எல்லாப் பத்திரத்துலயும் போடறதுதான். இருந்துட்டுப் போவட்டுமே" என்றார் எழுத்தர்.

அர்த்தமில்லாததை எழுத மாட்டேன் என்றேன். முனுசாமி பக்கத்தில் நின்று சிரித்தார். "வழிக்கா சார் பேப்பரு? நான் கீறேன் இல்ல."

அந்த வரியோடு வழியும் போனது.

தயாளனுக்கு இது தெரியுமா? நகல் எடுத்துப் பார்த்திருந்தால் தெரியும். பார்த்துவிட்டுத்தான் விற்றானா? சாப்பாடு இறங்கவில்லை.

11-10, வியாழன்

மதியம் மழை. கிழக்கு, வடக்கு, தெற்கு முடிந்தது. ஆள் உயரத்துக்கு மேல். மேற்கில் பாதை வந்து சேரும் இடம் மட்டும் திறந்திருக்கிறது, ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு.

வெள்ளை ஜீப்பில் மனை போடும் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ ஆழம் சார்?"

சொன்னேன்.

"தனியாவா இருக்கீங்க?"

"ஆமா."

"பாத்து இருங்க சார்."

சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். அவர் பேசியதில் குற்றம் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. போலீஸில் போய் என்ன என்று சொல்வது?

மாத்திரை ஆறு. அரிசி இருக்கிறது. எண்ணெய் இல்லை. கடைக்குப் போகவில்லை. போய்விட்டுத் திரும்புவதற்குள் மூடிவிட்டால் நான் வெளியே, வீடு உள்ளே. அப்புறம் எந்தக் காலத்தில் நுழைவது?

அம்சா பால் கொண்டுவந்தாள். ரோட்டு முனையில் இரண்டு மாடு வைத்திருப்பவள்.

"சார், தயாளன் இன்னா சொல்லிகினு கீறான் தெரியுமா? கெழவன் பயந்துகினு தானா வித்துட்டு ஓடுவானாம்."

"நீ என்ன சொன்னே?"

"உனக்கு அந்தக் கெழவனத் தெரியாதுன்னேன்."

அவளுக்கும் தெரியாது. இன்று காலை ஓடிவிடலாம் என்று பையை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

12-10, வெள்ளி

சரோஜாவும் ரவியும் ஸ்கூட்டரில் வந்தார்கள். அம்சா போன் போட்டிருக்கிறாள். சரோஜா இந்த எட்டு மாதத்தில் வருவது இரண்டாவது முறை. பாம்போடு குடும்பம் நடத்த முடியாது என்று மகன் ரவியுடன் சேலையூரிலேயே தங்கிவிட்டவள்.

"கெளம்புங்க. ரெண்டு வேட்டி எடுத்துக்குங்க, போதும்."

"நான் வரல."

"சொவத்துக்குள்ள உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?"

"உக்காந்திருப்பேன்."

ரவி தாம்பரத்தில் தனக்குத் தெரிந்த வக்கீலுக்குக் காட்டப் பத்திரம் கேட்டான். தேட வேண்டும் என்றேன்.

"நீங்களா? தேடணுமா? ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எங்க இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வீங்களேப்பா."

சரோஜா என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "அந்த வரியா?" என்றாள்.

பதிவு அன்று பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா?"

பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன்.

ரவி இரண்டு தடவை படித்தான். திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. வெளியே போய் வக்கீலிடம் போனில் பேசிவிட்டு வந்தான். "நடுவுல இருக்கிற நெலத்த வித்தா, போக வர வழி விட்டுத்தான் ஆகணுமாம்பா. எழுதலைன்னாலும். ஆனா கேஸ் போட்டு நிரூபிக்கணும். இப்பவும் நடந்துக்கிட்டிருக்கிற வழின்னு காட்டணும். அடைச்சுட்டா வருஷக் கணக்குல இழுத்துடுமாம்."

நல்ல சேதிதான் என்றாள் சரோஜா. எனக்கு அந்த "அடைச்சுட்டா" மட்டும்தான் காதில் நிற்கிறது.

எண்ணெய், மாத்திரை, ரொட்டி வாங்கி வைத்துவிட்டுப் போனார்கள். போகும்போது சரோஜா இடைவெளியில் நின்று இரண்டு பக்கமும் பலகையைத் தொட்டுப் பார்த்தாள்.

13-10, சனி

தூறல். இடைவெளியின் நடுவிலும் ஒரு கம்பம் நட்டுவிட்டார்கள். இனி பலகை சொருகுவதுதான் பாக்கி. அரை மணி வேலை.

"திங்கக்கெழம காலைல மூடறோம் பெருசு" என்றான் மேஸ்திரி. பிறகு மற்றவர்களை விட்டுத் தள்ளி வந்து, குரலைத் தாழ்த்தி, "கோர்ட்டு பேப்பர் எதுனா இருந்தா கொண்டாந்து காட்டு. வேலைய நிறுத்திடறேன். எனக்கு இன்னா, கூலிக்கு வந்தவன்" என்றான். டாக்குமெண்ட் பற்றிக் கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்துவிட்டது.

மூன்று மணிக்குத் தயாளன் பைக்கில் வந்தான். இறங்கவில்லை.

"வித்துடுங்க சார். நல்லபடியா வாங்கிக்குவாங்க. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த பேஜாரு?"

"உங்க அப்பாவை வந்து சொல்லச் சொல்லு."

முகம் மாறியது. "அப்பாவுக்கு நெனப்பு சரியில்ல. ஆளே தெரியல."

பொய். மாலை அம்சாவிடம் கேட்டேன். "ஆளு தெரியலியா? காலைல டீக்கடைல என்னப் பாத்து, பால்ல தண்ணி கொஞ்சமா ஊத்துன்னாரு." மகனுக்குத் தெரியாமல் தினமும் ஐந்தரைக்கு டீக்கடைக்கு வருகிறாராம்.

மூன்று நாளில் முதல் முறையாகப் பசித்தது.

14-10, ஞாயிறு

வேலை ஆள் யாரும் வரவில்லை. அமைதி. இந்த அமைதிக்குத்தான் ஆசைப்பட்டேன். இப்போது ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். குளியலறையில் பூரான், அடித்தேன். ரவி வந்திருக்கிறான். இன்றும் நாளையும் நடக்க வேண்டியது:

ரவி: இன்று வெளிச்சம் இருக்கும்போதே பாதையை ரோட்டிலிருந்து கிணறு வரை போட்டோ எடுப்பது. நாளை கோர்ட் திறக்கும்போது வக்கீலோடு அங்கே நிற்பது. தடை உத்தரவு. கிடைத்தால் உடனே மேஸ்திரியின் செல்லுக்குப் பேசுவது. நம்பர் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

வக்கீல்: நான் எழுதிக் கொடுத்த மனுவைத் திருத்தலாம். எங்கே வேண்டுமானாலும்.

சரோஜா: போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்குவது. ரசீது இல்லாமல் எழுந்து வரக் கூடாது.

அம்சா: ஐந்தரைக்கு டீக்கடை. முனுசாமியைக் கையோடு கூட்டி வருவது.

முனுசாமி: பதிவு அன்று வழியைப் பற்றிச் சொன்னதை மேஸ்திரி முன்னால் ஒருமுறை சொல்வது. வேறு ஒன்றும் வேண்டாம்.

நான்: ஐந்து மணிக்கே நாற்காலியை இடைவெளியில் போட்டு உட்காருவது. குடை, தண்ணீர், மாத்திரை. யார் என்ன சொன்னாலும் எழுந்திருக்கக் கூடாது. ஒன்றுக்குப் போக எழுந்தால் அந்த ஐந்து நிமிடம் நாற்காலியில் யார்? அம்சா டீக்கடையில். ரவி கோர்ட்டில். சரோஜா ஸ்டேஷனில். யாரும் இல்லை. தண்ணீர் வேண்டாம்.