வெறும் வயிற்றில் நூற்று முப்பத்தொன்று

நாள் 1. காலை 06:10
இடம்: வியாழனின் நிலா கலிஸ்டோ, பனித்துளை நிலையம் 4. ஆள்: ஒன்று. செ. ஞானதிரவியம், ஐ.டி.ஐ. ஃபிட்டர், வயது 51.
காற்று சரி. தண்ணீர் சரி. நிலையத்துக்குச் சூடு தரும் கொதிகலன் சரி, எரிபொருள் நாற்பது நாளுக்கு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 113. சரியில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நிலையத்தை மூடுகிறார்கள். மற்ற ஐந்து பேரும் முந்தின கப்பலில் போயாச்சு. கடைசி விளக்கை அணைக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். கை தூக்கிய மேதை நான். முப்பதாம் நாள் இன்னொரு கப்பல் இந்தப் பக்கமாகக் கடந்து போகும், நிற்காது. கேப்சூல் என்ற குட்டி ஓடத்தில் ஏறிப் போய் நான்தான் அதைப் பிடிக்க வேண்டும். பிறகு கப்பலில் மருந்து கொடுத்துப் பதினோரு மாத உறக்கம், ஊர், மகள்.

சர்க்கரை கூடின ரெண்டு பேர் அந்த உறக்கத்திலிருந்து எழும்பவில்லை. அதனால் ஒரு விதி: கடைசி மூன்று காலையும் 110க்குள் இருந்தால்தான் கேப்சூல் கதவு திறக்கும். தீர்ப்பு சொல்வது மருத்துவப் பெட்டி. கம்பவுண்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து செய்தி வருவதும் அதன் வழியாகத்தான். விரலை நீட்டினால் குத்தும். அதைத் தாண்டி ஒரு பாசமும் கிடையாது.

மூன்று புள்ளிதானே. எங்கள் ஊரில் இதற்கு வைத்தியம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். டெஸ்டுக்கு முன்னால் வாயைக் கட்டு, ரத்தம் கொடுத்த கையோடு லேபுக்கு எதிரே உள்ள ஓட்டலில் பொங்கல் வடை தின்னு. இருபது வருஷம் டாக்டர்களை அப்படித்தான் ஏமாற்றினேன். இன்றோடு சோற்றை நிறுத்தினேன். கையிருப்பில் நாற்பது கிலோ அரிசி. அதன் பக்கம் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

நாள் 4. காலை 07:30
சர்க்கரை 112. மகள் பெனிட்டாவிடமிருந்து செய்தி. நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். அவள் பேசி முக்கால் மணி நேரம் கழித்து எனக்குக் கேட்கும்.
"எப்பா, சோறு இல்லாம நீங்களா? அம்மா செத்த அன்னைக்கே ரெண்டு தட்டு தின்ன ஆளு. வாயைக் கட்டுங்க, பாப்போம். இந்தா, கண்ணால தின்னுக்கிடுங்க."
கூடவே ஒரு படம். புரோட்டா, சால்னா, ஆவி பறக்கிறது. பிள்ளை வளர்த்த லட்சணம்.

அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் தானாக அரிசி இருக்கும் அறைக்குப் போனது. உடனே கம்பவுண்டரிடம் உத்தரவு போட்டேன்: சோறு, இட்லி, பொங்கல், புரோட்டா, இந்தச் சொல்லோ படமோ உள்ள எந்தச் செய்தியையும் நான் சொல்லும்வரை காட்டாதே.
"கோரிக்கை ஏற்கப்பட்டது."

நாள் 9. காலை 06:15
119. தின்பது டின் கறி, முட்டைத் தூள், பாலாடைக்கட்டி. சாப்பிட்ட பிறகு பார்த்தால் 97. சாப்பிடாமல் எழும்பினால் 119. தின்றால் இறங்குகிறது, தின்னாவிட்டால் ஏறுகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் முப்பத்தெட்டு மார்க் எடுத்தவனுக்கு இது அதிகம்.
கம்பவுண்டரிடம் காரணம் கேட்டேன். "காரணம் கூறுதல் இந்தப் பெட்டியின் பணி அல்ல."
எண்களை எல்லாம் மகளுக்கு அனுப்பினேன்.

நாள் 13. காலை 08:00
121. பெனிட்டா: "எப்பா, நான் சொன்னதச் செய்யுதீங்களா? எங்க டியூட்டர் மேடமும் அதான் சரின்னாங்க."
சொன்னது வாயைக் கட்டச் சொல்லித்தானே. பதில் போட்டேன்: "நீ சொன்னதுக்கு மேலேயே செய்றேன் மக்கா."
மதியம் அவள் பதில்: "சமத்து. நாலு நாள் முன்னப்பின்ன ஆகும். விடாதீங்க."
விடுவேனா? பாலாடைக்கட்டியையும் நிறுத்தினேன்.

நாள் 20. காலை 06:20
126. எடை 84இல் இருந்து 75. பெல்ட்டில் ஆணியால் மூன்றாவது துளை போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ரெண்டு முட்டை, உப்புத் தண்ணீர். மீதி நேரம் நீள நடைபாதையில் முன்னூறு தடவை ஓட்டம். கலியாணமாகாத வயசில்கூட இப்படி ஓடினதில்லை.
இந்த உடம்புக்குள் எங்கேயோ ஒரு மிட்டாய்க்கடை திறந்திருக்கிறது. சரக்கு யார் கொண்டுவருகிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

நாள் 27. காலை 06:20
129. "இன்னும் இறங்கலியே மக்கா" என்று மூன்று தடவை அனுப்பிவிட்டேன். பெனிட்டாவிடமிருந்து நாலு நாளாகச் சத்தமில்லை. பரீட்சையாக இருக்கும்.
முட்டையையும் நிறுத்தினேன். இனி தண்ணீர் மட்டும்.

நாள் 30. காலை 06:05
நேற்று முன்தினம் 128. நேற்று 130. இன்று 131.
"பயணத் தகுதி இல்லை. கதவு திறக்கப்படாது."

08:40. கப்பல் தலைவர் சுகந்தகுமார்: "ஞானதிரவியம் சார், பெட்டி ஓகே சொல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது. உறக்கத்துல உங்களுக்கு ஏதாவது ஆனா என் கழுத்துக்கு வரும்."
நான்: "அடுத்த கப்பல் எப்ப தம்பி?"
"நிலையத்தையே மூடியாச்சே சார்."

09:00 முதல் 17:30 வரை கதவோடு மல்லுக்கட்டினேன். பெரிய ஸ்பேனர், கடப்பாரை, கட்டர், கடைசியில் தலை. அசையவில்லை. மூன்று வருஷம் முன்னால் இந்தக் கதவை மாட்டியது நான். ஆய்வுக்கு வந்த எஞ்சினியர் தட்டிப் பார்த்துவிட்டு, "யானை வந்தாலும் திறக்காதுய்யா" என்றார். என் வேலையை ஒருத்தர் பாராட்டினது அந்த ஒரு தடவைதான்.

17:52. கப்பல் கடந்து போனது. ஜன்னலில் ஒரு புள்ளி. கை ஆட்டினேன். பழக்கதோஷம்.

நாள் 31. காலை 10:00
இனி வாயைக் கட்டி என்ன? செய்தித் தடையை எடுக்கச் சொன்னேன்.
"நிறுத்திவைக்கப்பட்ட செய்திகள்: பதினாறு."
எல்லாம் அவளுடையவை. முதல் ஏழும் புரோட்டா. எட்டாவது, பத்தாம் நாள் வந்தது:
"எப்பா, நீங்க சோத்தை நிறுத்துனதுதான் வினை. உள்ள சோறு போகலன்னா ஈரலே விடிய விடிய சர்க்கரை காய்ச்சி ஊத்துமாம். உடம்பும் அதை வாங்கி எரிக்க மறந்துரும். உங்க நம்பருக்கு இது நோய் இல்லன்னு மேடம் சொல்றாங்க. டெஸ்டுக்கு முன்ன நாலு நாள் அளவா சோறு தின்னுங்க. தானா இறங்கிரும்."

இருபத்தாறாம் நாள்: "சோறு தின்னுதீங்கதானே? பெறகு ஏன் ஏறுது? ஒருவேளைக்கு எவ்வளவு சோறுன்னு சொல்லுங்க."
இருபத்தொன்பதாம் நாள்: "எப்பா, சோறு. சோறு. கும்பிட்டுக் கேக்கேன், பதில் சொல்லுங்க."

அரிசி களைந்தேன். அவசரத்தில் பாதி கீழே சிந்தியது. ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினேன்.

நாள் 37. காலை 06:10
நேற்று முன்தினம் 107. நேற்று 99. இன்று 92.
"வாழ்த்துகள். பயணத் தகுதி உண்டு. கதவு திறக்கப்படுகிறது."
திறந்தது. வெண்ணெய் மாதிரி. ஒரு கிறீச் சத்தம் இல்லை. நல்லாத்தான் மாட்டியிருக்கிறேன். உள்ளே போய்ப் பெல்ட்டைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கேப்சூலுக்கு எரிபொருள் ஒன்பது மணி நேரத்துக்கு. கப்பல் போய் ஏழு நாள்.

11:20. பெனிட்டா: "எப்பா, நீங்க கப்பல்ல இல்லன்னு இப்பதான் சொன்னாங்க. நான் சொன்னது தப்பாப்பா? விடாதீங்கன்னு வேற சொன்னேன்."

முக்கால் மணி நேரம் யோசித்துப் பதில் போட்டேன்: "நீ சொன்னது ரொம்பச் சரி மக்கா. அப்படியே சோறு தின்னேன், நம்பர் இறங்கிட்டு. கதவுதான் சிக்கிக்கிட்டு. நான் மாட்டுன கதவு. ஒழுங்கா மாட்டல. உங்கப்பன் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே."

இதைக் கண்டெடுப்பவரே, ஒரே ஒரு உதவி. என் மகளைப் பார்த்தால் கதவு பழுது என்றே சொல்லுங்கள். அந்தக் கதவில் ஒரு குறையும் இல்லை என்பது நமக்குள் இருக்கட்டும்.

நாள் 41. நேரம் பார்க்கவில்லை
கொதிகலன் நேற்று நின்றது. பேனா எழுத மாட்டேன் என்கிறது; பழைய பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு, இனி நான் சொல்லச் சொல்லக் கம்பவுண்டர் எழுதுகிறது. கடைசிப் பானைச் சோறு உறைந்துபோய். கரண்டியால் உடைத்து, வாயில் வைத்து, இளகும்வரை. ருசிதான். ரெண்டாவது தட்டு.
காலையில் 88 காட்டியது. இவ்வளவு நல்ல நம்பர் வாழ்க்கையிலேயே.
பெனிட்டாவுக்கு அந்தக் கதவு விஷயம். மறந்துராதீங்க. அவளுக்கு மட்டும் தெரியாம.

நாள் 42. காலை 06:10. மருத்துவப் பெட்டியின் பதிவு
விரல் நீட்டப்படவில்லை.
06:20. விரல் நீட்டப்படவில்லை.
06:30. விரல் நீட்டப்படவில்லை. விதிப்படி குறிப்பேடு மூடப்பட்டது.
06:31. நாள் 1 முதல் நாள் 41 வரை முழு நகல், வாரிசுக்கு அனுப்பப்பட்டது: ஞா. பெனிட்டா, மகள்.