கிளட்சைக் கொஞ்சம் லேசாக்கு

வில்லாபுரம், மதுரை
10-5-1980

அன்புள்ள மாப்பிள்ளை பேயாண்டிக்கு, காளை எழுதுவது.

இங்கே நானும் என் வீட்டாரும் சுகம். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி தங்கப்பொண்ணும் சுகம்தான். நேற்று உன்னை ஒரு மணி நேரம் திட்டினாள், அதனால் இன்று இன்னும் தெளிவாக இருக்கிறாள். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

திருவிழா முடிந்தது. அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கும் திரும்பிவிட்டார். நீ மஸ்கட் போன பிறகு இது இரண்டாவது சித்திரை. நம் ஜீப் இந்தத் தடவையும் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடந்தது. பெட்ரோல் விற்கிற விலையில் அழகர்கோவிலுக்கு ஆள் ஏற்றிப் போய்வந்தால், ஏறியவர்கள் கொடுப்பது டாங்கிக்கே சரியாகப் போய்விடும்.

தார்ப்பாயை விலக்கி உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டாளத்து ஏலத்தில் நீயும் நானும் சேர்ந்து எடுத்து, திருச்சி ரோட்டில் ஓட்டி வந்த நாள் ஞாபகம் வந்தது. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததால், முன்னால் போகிற வண்டியைத் தாண்டும்போது எதிரே என்ன வருகிறது என்று உனக்குத் தெரியாது. நான்தான் வலது பக்கம் எட்டிப் பார்த்து, "போ, போ, நில்லு, லாரி" என்று கத்திக்கொண்டே வந்தேன். ஹாரனும் இல்லை, அதற்கும் நான்தான் கத்தினேன். கொட்டாம்பட்டிப் பக்கம் சேற்றில் புதைந்த கடலை லாரியை இழுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு மடி கடலை வாங்கி மேலூர் வரைக்கும் தின்றோம். அன்றைக்குத்தான் உன் இடது காலைக் கவனித்தேன். தூங்குகிற பிள்ளையின் தலையிலிருந்து கையை எடுப்பது மாதிரி கிளட்சை விட்டாய். எனக்கு அது வரவே இல்லை. நான் ஓட்டினால் ஜீப் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளி நின்றுவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். தெற்குவாசலில் கழித்துப்போட்ட வேன் ஒன்றின் டீசல் எஞ்சின் கிடைக்கும்போல் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மூன்று கட்டை நட்டு, செயின் பிளாக் தொங்கவிட்டு, நானே பழைய எஞ்சினைத் தூக்கி இதை இறக்கலாம் என்று இருக்கிறேன். சேர்ந்து வாங்கிய வண்டி, நீ சரி என்று எழுதினால்தான் ஸ்பேனரைத் தொடுவேன். பொங்கலுக்கு உன் ஒப்பந்தம் முடிகிறது. வந்தால் திரும்பிப் போகாதே. நீ ஓட்டு, நான் பின்னால் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றுகிறேன். டீசல் வண்டியாக இருந்தால் இரண்டு வீட்டுக்கும் அடுப்பு எரியும். அதற்குத்தான் இந்த வேலையெல்லாம்.

அன்புடன்,
காளை


மஸ்கட்
4-6-1980

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். எஞ்சினை மாற்றுவதாகப் படித்ததும் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. நான் ஊரில் இருந்தவரை, அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே தங்கம் உலை வைத்துவிடுவாள். இனி டீசல் சத்தத்தைக் கேட்டு, தெருவுக்குள் மாவு மில் வருகிறது என்று அரிசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரப் போகிறாள்.

ஆனாலும் மாற்றுங்கள். நான் வந்து ஓட்ட வேண்டும் என்றால் அதுதான் வழி. முன்பக்க ஸ்பிரிங் பட்டையில் ஒரு இலை கூடுதலாகப் போடுங்கள், டீசல் எஞ்சின் கனம் அதிகம். அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டும் ஆழம். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது முன் அச்சு மேலேறி அதில் இடிக்கும். நன்றாக இடம் விட்டு அளந்துகொள்ளுங்கள்.

இங்கே ரோடு போடுகிற வேலை, ஆள் உயரத்துக்கு டயர் உள்ள வண்டிகள். சாயங்காலம் துறைமுகம் வரைக்கும் நடப்பேன். நேற்று கடைவீதி முழுக்க நடந்து தங்கத்துக்கு ஒரு சேலை எடுத்தேன். திரும்பும்போது வழி தப்பி, வந்த வழியே மறுபடியும் நடந்தேன். பொங்கலுக்கு வாரேன் என்று சொல்லுங்கள்.

தங்கள்,
பேயாண்டி


வில்லாபுரம்
18-10-1980

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாலு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எஞ்சின் ஏறிவிட்டது. கியர் பெட்டியோடு சேர்க்கிற தகட்டை லேத்து சிவனாண்டி கடைந்து கொடுத்தான். ஆறு வோல்ட் பாட்டரி போய்ப் பன்னிரண்டு வோல்ட் வந்ததில், முன் விளக்கு முதன்முறையாக ரோட்டைக் காட்டுகிறது. ஆர்.சி. புத்தகத்திலும் எஞ்சின் மாற்றியதை எழுதி வாங்கிவிட்டேன்.

நீ சொன்னபடி அச்சுக்கும் எண்ணெய்த் தட்டுக்கும் நடுவே அளந்தேன். ஒரு சாண் இடம் இருந்தது. சந்தோஷமாக அவனியாபுரம் கண்மாய்ப் பக்கம் ஓட்டிப் போனேன். முதல் பள்ளத்திலேயே டொம் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் எண்ணெய்த் தட்டு கிழிந்து தொங்குகிறது. பக்கத்து வீட்டு மொக்கையன் சைக்கிளில் பின்னாலேயே வந்தவர் கேட்கிறார், "ஏண்டா காளை, ஜீப்பு ஓட்டுறியா, ரோட்டுல கோலம் போடுறியா?"

பிறகுதான் புரிந்தது. நான் அளந்தபோது வண்டியைக் கட்டையில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தேன். அச்சு கீழே தொங்கிக்கொண்டு இருந்தது. தொங்குகிற அச்சில் இடத்துக்கு என்ன குறை! இப்போது எஞ்சினைத் தூக்கி, அடியில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்திவிட்டேன்.

ஒரே குறை கிளட்ச்தான். பெரிய எஞ்சினுக்குப் பெரிய தகடு போட்டதில் கல் மாதிரி இருக்கிறது. இரண்டு தடவை மிதித்தால் எனக்குத் தொடை நடுங்குகிறது. உன் இடது கால் வந்தால்தான் அடங்கும். பொங்கலுக்கு அதைக் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
காளை


மஸ்கட்
6-1-1981

அன்புள்ள மச்சானுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒப்பந்தத்தைக் கொஞ்ச நாள் நீட்டியிருக்கிறார்கள், பொங்கலுக்கு வர முடியவில்லை. தங்கத்திடம் எப்படியாவது சொல்லுங்கள், உங்களுக்குத்தான் அவளிடம் பேச வரும்.

என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் வேலை. கேட்கிற சாமானை எடுத்துக் கொடுக்கப் பையன்கள் இருக்கிறார்கள். வெயில் இல்லை, தலைக்கு மேல் மின்விசிறி. எல்லோரும் அதிர்ஷ்டக்காரன் என்கிறார்கள். போட்டோ ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், தங்கத்திடம் கொடுங்கள்.

அச்சைத் தொங்கவிட்டா அளந்தீர்கள் மச்சான்! வெகு நாளைக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்தேன், பக்கத்து ஆள் எழுந்து வந்து பார்த்தான்.

கிளட்சைக் கொஞ்சம் லேசாக்க முடியுமா என்று பாருங்கள். பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் இருக்கிற நெம்பு தண்டை நீளமாக்கினால் கனம் குறையும். அவசரம் இல்லை, சும்மா சொன்னேன்.

தங்கள்,
பேயாண்டி


வில்லாபுரம்
20-2-1981

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ வராத பொங்கல் பொங்கலாகவே இல்லை. தங்கப்பொண்ணு பானையை இறக்கிவைத்துவிட்டு, "பொங்குச்சுண்ணே, அம்புட்டுதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

உன் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். அவளுக்கு அதில் ஒரு குறை. "சட்டைப் பொத்தானைப் பாக்கவா போட்டோ? ஆளு முழுசா நிக்கிற மாதிரி எடுக்க அங்க ஸ்டுடியோ இல்லையாமா?" என்கிறாள். அடுத்த தடவை முழுப் படமாக அனுப்பு.

நெம்பு தண்டை நீளமாக்கினேன். கிளட்ச் இப்போது வெண்ணெய். உட்கார்ந்தபடி குனிந்து ஒரு கையால் அமுக்கிப் பார்த்தேன், அமுங்குகிறது. சித்திரைக்காவது வந்துவிடு. அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து மேலே தீர்த்தத்துக்கு ஏறுகிற பாதையில் ஜீப்பை நிற்காமல் ஏற்ற உன்னை விட்டால் ஆள் இல்லை.

அன்புடன்,
காளை


மஸ்கட்
12-3-1981

அன்புள்ள மச்சானுக்கு,

ஒரு கையால் அமுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். உண்மையிலேயே கையாலா? முழுசாக அமுங்குகிறதா?

அப்படியென்றால் கிளட்சிலிருந்து ஒரு கம்பியை மேலே கொண்டுவந்து, சீட்டுக்கு இடது பக்கம் கையால் இழுக்கிற மாதிரி வைக்க முடியுமா? இங்கே ஒருவர் வண்டியில் அப்படி இருக்கிறது, அதனால் கேட்கிறேன். ஓட்டுகிறவர் ஏறுகிற பக்கம் ஒரு நல்ல கைப்பிடி வையுங்கள். படியையும் தாழ்த்திவிட்டால் வயதானவர்களுக்கு ஏற வசதி.

அந்தத் தீர்த்தப் பாதையை நானும் நினைத்துக்கொள்வேன். மூன்றாவது வளைவில் நீங்கள் சாமி கும்பிட்டுக்கொண்டே கண்ணை மூடிக்கொள்வீர்கள். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

தங்கள்,
பேயாண்டி


மஸ்கட்
30-3-1981

மச்சானுக்கு,

போன கடிதத்தில் கேட்டதை விட்டுவிடுங்கள். இன்னும் மூன்று வருஷத்துக்கு ஸ்டோரிலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறேன். ஊருக்கு வந்து நான் என்ன செய்யப் போகிறேன்? ஜீப்பை யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஓட்ட ஆளில்லாத வண்டி வீட்டில் எதற்கு? தங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேயாண்டி


வில்லாபுரம்
24-4-1981

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஜீப்பை விற்கவில்லை. மார்ச்சில் நீ எழுதிய முதல் கடிதத்தில் கேட்டதையெல்லாம் செய்தேன். இரண்டாவது கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

கிளட்சை லேசாக்கச் சொன்னாய். ஏறுகிற பக்கம் கைப்பிடி கேட்டாய். படியைத் தாழ்த்தச் சொன்னாய், கிளட்சுக்குக் கைக்கம்பி வைக்கச் சொன்னாய். பிரேக்கைப் பற்றியும் ஆக்சிலேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அது இரண்டும் வலது காலுக்கு. தோட்டத்துப் பம்புசெட் என்ன சத்தம் போடுகிறது என்று ஒருவன் வந்து சொன்னால், எந்த பேரிங் போயிருக்கிறது என்று வாசலிலேயே சொல்கிறவன் நான். இடது கால் எதுவரைக்கும் இருக்கிறது மாப்பிள்ளை? எழுத வேண்டாம். வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

தங்கப்பொண்ணுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள், "போட்டோ வந்தப்பவே தெரியும்ணே. முந்தியெல்லாம் துறைமுகத்துக்கு நடந்தேன், கடைவீதிக்கு நடந்தேன்னு நடந்த கதையாத்தான் எழுதுவாரு. இப்ப காயிதம் பூரா உக்காந்தே இருக்காரு."

குழம்பை ஊற்றிவிட்டு மறுபடியும் சொன்னாள், "நான் கட்டுனது ஆளையா, கிளட்சு மிதிக்கிற காலையா? மூணு வருசம் நீட்டுறாராமுல்ல? நீட்டட்டும். நானும் பாஸ்போட்டு எடுத்து அங்கயே வாரேன்னு எழுதுண்ணே. அந்த ஸ்டோர்ல எனக்கும் ஒரு பெஞ்சு போடச் சொல்லு." அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். பிறகு அடுப்படிக்குப் போய் வெகு நேரம் பாத்திரம் விளக்கினாள். விளக்கியதையே விளக்கினாள்.

இனி வண்டி. கைக்கம்பி வைத்ததும், என் இடது காலைத் துண்டால் சீட்டோடு கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். இடது கையால் கம்பியை இழுத்து, வலது கையால் கியரைப் போட்டேன். அதுவரைக்கும் சரி. அப்போதுதான் ஸ்டியரிங்கை யாரும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஜீப் நேரே மொக்கையன் வைக்கோல் படப்புக்குள் போய் நின்றது. அவர் ஓடிவந்து, "ரெண்டு கை இருந்தும் இப்படி ஓட்டுறவன் நீ ஒருத்தன்தாண்டா" என்றார். காலில் கட்டியிருந்த துண்டைப் பார்த்ததும் வைக்கோலைத் தள்ளிவிட்டு என்னை இறக்கினார்.

திருவிழாவுக்கு அந்தக் கைக்கம்பியாலேயே நேர் ரோட்டில் மெதுவாக ஓட்டி அழகர்கோவில் வரைக்கும் போனோம். தங்கப்பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்து, நான் கியர் மாற்றும்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அடிவாரத்தோடு நிறுத்திவிட்டேன். மேலே ஏற என்னால் ஆகவில்லை. இந்த ஸ்டியரிங் சங்கதிக்கு எனக்கு வழி தெரியவில்லை, யோசித்துப் பார்த்துவிட்டேன். நீதான் வந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
காளை


மஸ்கட்
15-5-1981

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதத்தை ஸ்டோரில் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. சாமான் கேட்டு வந்தவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

முழங்காலுக்குக் கீழே நாலு விரல் அளவுக்குத்தான் கால் இருக்கிறது. போன ஆகஸ்டில் ஜாக்கி வழுக்கியது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான், உன் இடது கால் வந்தால்தான் அடங்கும் என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. அதற்குப் பிறகு எப்படி எழுதுவது, எந்த முகத்தோடு வந்து நிற்பது என்று தெரியவில்லை. உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நீங்கள் எழுதியது நிஜம்தானே, அந்தக் கால் அப்படித்தான் இருந்தது.

உங்கள் கம்பியில் ஒன்று விட்டுப்போயிற்று. ஹேண்ட்பிரேக்கில் இருக்கிற மாதிரி அதற்குப் பல் வைக்க வேண்டும். இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்கும், கை ஸ்டியரிங்குக்குத் திரும்பிவிடலாம். கியர் விழுந்ததும் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். எவ்வளவு மெதுவாக விடுவது என்று ராத்திரி படுத்துக்கொண்டு கையால் விட்டுப் பார்க்கிறேன். காலுக்குத் தெரிந்தது கைக்கும் தெரிகிறது மச்சான்.

நீங்கள் அதைத் தொட வேண்டாம். கழித்த வண்டி ஒன்றின் ஹேண்ட்பிரேக்கைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். பெட்டியில் தங்கத்தின் சேலைக்கு நடுவில் சுற்றி வைத்திருக்கிறேன். எண்ணெய் பட்டிருந்தால் நேரிலேயே திட்டட்டும்.

கையெழுத்துப் போடவில்லை. ஜூன் கடைசியில் பம்பாய், அங்கிருந்து ரயில். வரும் தேதியைத் தந்தியில் சொல்கிறேன். ஸ்டேஷனுக்கு ஜீப்பிலேயே வாருங்கள், தங்கத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். போட்டோவில் இல்லாததை அவள் அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும். என்னைத் தூக்க யாரும் ஓடிவர வேண்டாம். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள், நானே ஏறிக்கொள்கிறேன்.

தங்கள்,
பேயாண்டி