இருமிய சிப்பாய்

1964 ஜூலை 5, ஞாயிறு

தலையணை மூன்றாகிவிட்டது. போன மாதம் வரை இரண்டு. மல்லாந்து படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. மகள் சாரதாவின் தலையணையையும் எடுத்து முதுகுக்குக் கொடுத்துக்கொண்டார். "இன்னா நைனா, ராஜா மாதிரி சாஞ்சிகினு கீறியே" என்றாள் சாரதா. அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவளுக்குப் பதின்மூன்று வயது. இன்னும் விளையாட்டாகத்தான் நினைக்கிறாள்.

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. எழுதலாமா? இதை யார் பார்க்கப் போகிறார்கள். தசரதன். நாற்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருஷமாகத் தங்கச் சுரங்கத்தில், நிலத்துக்கடியில் டிரில் பிடிக்கிற ஆள்.

ஜூலை 8, புதன்

எக்ஸ்ரேவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். 22ஆம் தேதி.

நெஞ்சில் தூசி என்று தெரிந்தால் கீழே இறக்க மாட்டார்கள். மூன்று மாதத்தில் கம்பெனி வீட்டைக் காலி பண்ண வேண்டும். போன வருஷம் பின்வரிசை முனியப்பன் வீட்டில் பார்த்தேனே. அம்மி, கட்டில், குழந்தையின் தொட்டில் எல்லாம் தெருவில். அந்த மனுஷனும் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

எங்களுக்குப் போக்கிடம் ஏது? குடியாத்தம் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா வந்தார் என்பார்கள். அந்த ஊர்ப் பெயர் மட்டும்தான் மிச்சம். சாரதா இன்னும் இரண்டு வருஷம் படித்தால் எஸ்.எஸ்.எல்.சி. இரண்டே வருஷம்.

ஜூலை 15, புதன்

ஆறுமுகத்திடம் போய்க் கேட்டேன்.

மூன்றாவது வீடு. அவரோடு ஒரே டிரில்லில் வேலை செய்கிறவன். முப்பது வயது, கல் மாதிரி உடம்பு. கேட்டு முடிப்பதற்குள்ளேயே சரி என்றுவிட்டான்.

"எனக்குப் போன வருஷந்தான் எடுத்தாங்க அண்ணி, சுத்தமா கீதுன்னு சொல்ட்டாங்க. அடுத்த மொறைக்கு இன்னும் ஒரு வருஷம் கீது. அண்ணன் டோக்கன குடுங்க, நான் போய் நிக்கிறேன். அங்க எவன் மூஞ்சியப் பாக்கறான்?"

அவன் பெண்டாட்டி பாப்பம்மா சின்னதுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளும் "போய்ட்டு வரட்டுங்க்கா" என்றாள்.

கேட்டது நான். அவர் கேட்கவில்லை. இதை எழுதி வைக்கிறேன்.

ஜூலை 22, புதன்

"தசரதன்" என்று கூப்பிட்டார்களாம். ஆறுமுகம் "ஆஜர்" என்றானாம். அவ்வளவுதான்.

ஜூலை 26, ஞாயிறு

ஆகஸ்ட் பதினைந்துக்குத் தொழிலாளர் மைதானத்தில் குடும்ப மாறுவேடப் போட்டி. வருஷா வருஷம் நாங்கள் போவோம். போன வருஷம் முதல் பரிசு. இந்த வருஷம் வேலூர்ச் சிப்பாய்களாகப் போக வேண்டுமாம். ஐடா டீச்சர் வகுப்பில் சொன்ன கதை. வெள்ளைக்காரன் கடுக்கனைக் கழற்று, நெற்றியை அழி, புதுத் தொப்பி போடு என்றானாம். சிப்பாய்கள் எதிர்த்து நின்று கோட்டைக்குள்ளேயே சுடப்பட்டார்களாம். "நம்ம ஜில்லாகாரங்கம்மா அவங்கல்லாம்" என்று சாரதா குதிக்கிறாள்.

இந்த வருஷம் வேண்டாம் என்றார் அவர். குழாயடியில் ஏற்கெனவே பேச்சு. "உங்க வூட்டுக்காரு ஏன் எளச்சிகினே போறாரு?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பரிசு வாங்கினவர்கள் வராமல் போனால் என்ன நினைப்பார்கள்? ஒரு வாரத்தில் ஆபீஸ் வரைக்கும் போய்விடும்.

அவர் பேசாமல் இருக்கிற வேஷம் வேண்டும். பேசினால்தானே இருமல்? ஆரம்பத்திலேயே சுடப்பட்டு விழுந்துவிடுகிற சிப்பாய்! வசனமே கிடையாது. சாரதா சிப்பாய்த் தலைவனாக நின்று பேசுவாள், நான் சிப்பாயின் பெண்டாட்டியாக உட்கார்ந்து அழுவேன். ஐந்து நிமிஷம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

பழைய போர்வையைச் சிவப்புச் சாயத்தில் முக்கி இரண்டு சட்டை வெட்டினேன். என் கை முழங்கை வரை சிவப்பு. மைதா மூட்டைத் துணியில் குறுக்கு வார். சோடா மூடியை அம்மியில் தட்டித் தட்டிப் பொத்தான். தொப்பிக்கு அட்டை, மேலே கிழிந்த குடைத் துணி. மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து செய்தோம். சாரதா அடுப்புக்கரியில் மீசை வரைந்துகொண்டு அவருக்குச் சல்யூட் அடித்தாள். அவரும் எழுந்து நின்று அடித்தார்.

நல்லாத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் மறந்திருந்தேன்.

அளவெடுக்கும்போது பார்த்தேன். போன வருஷத்துச் சட்டைக்கு இந்த வருஷம் நாலு விரற்கடை கம்மி.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

தினம் காலையில் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கேஜ் கூண்டில் ஏறி அந்தத் தூசிக்குள் இறங்குகிறார். நான்தானே அனுப்புகிறேன்? வீடு போகக் கூடாது என்று, இந்த ரெண்டு ரூமுக்காக, ஓட்டுக் கூரைக்காக, அவரத் தினம் கொஞ்சம் கொஞ்சமா—

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

ஒத்திகை. பக்கவாட்டில் படுத்தால் தாங்குகிறது. பக்கவாட்டிலேயே விழுங்கள் என்று பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, சனி

கொடியேற்றினார்கள். தூறல். மிட்டாய் கொடுத்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் அதிகாரிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர். பின்னால் தரையில் நம்ம லைன் வீட்டு ஜனங்கள்.

எங்கள் முறை வந்தது. பட்டாசு வெடித்தது. அவர் விழுந்தார். பலகை ஈரம். கால் வழுக்கி மல்லாந்து விழுந்துவிட்டார்.

புரட்டிவிட முடியாது. செத்தவன் எப்படிப் புரளுவான்? மார்மேல் விழுந்து ஒப்பாரி வைத்தேன். அழுகைச் சத்தம் கேட்கவேண்டும் என்று மைக்கைத் தாழ்த்தி எங்கள் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். சாரதா நிமிர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். என் உள்ளங்கைக்குக் கீழே அவர் நெஞ்சு துடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்குகிறார். உதடு நீலமாகிவிட்டது. ஒப்பாரிக்கு நடுவில் காதில் சொன்னேன், "இன்னும் கொஞ்சங்க, இன்னும் கொஞ்சம்."

வந்துவிட்டது.

முதல் இருமல் மைக்கில் போய் மைதானம் பூராவும் குழாய் ஸ்பீக்கரில் கேட்டது. "பொணம் இருமுதுடோய்!" என்று ஒருவன் கத்தினான். ஒரே சிரிப்பு. நாற்காலிக்காரர்களும் சிரித்தார்கள். சாரதா பாதி வசனத்தில் நின்றுவிட்டாள். கரிமீசையோடு அந்த முகம்! அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இருமல் விடாமல் இழுத்துக்கொண்டே போனது. சோடா மூடிகள் தெறித்து உருண்டன.

அப்புறம் தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்பு நின்றது. முதலில் வயதானவர்கள். பிறகு பெண்கள். அந்த இருமல் அவர்களுக்குத் தெரியும். விடிகாலையில் எங்கள் லைனில் நடந்து போனால் வீட்டுக்கு வீடு கேட்கிற இருமல்தானே. ஒரு கிழவர் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலிகளில் மட்டும் கொஞ்ச நேரம் சிரிப்பு இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அத்தனை ஜனம் உட்கார்ந்திருக்கிற மைதானத்தில் அவர் இருமல் மட்டும்.

ஆறுமுகம் மேடைக்குத் தாவி வந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தான். பெரிய டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

சாரதா கேட்டாள். "ஒனக்குத் தெரியுமாம்மா? முன்னயே தெரியுமா?" தலையாட்டினேன். எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 17, திங்கள்

டாக்டர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். நானும் போனேன்.

"தசரதன்" என்று எழுதிய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "நானே கூப்பிடறதா இருந்தேன். தூசி இருக்கு. ஆனா இது ஆரம்பம்தான். சின்னச் சின்னப் புள்ளி. இந்த நெஞ்சுக்காரன் அன்னிக்கு மேடையில இருமின மாதிரி இரும மாட்டானே."

அது ஆறுமுகத்தின் நெஞ்சு. புள்ளியா? அந்தப் படத்திலா?

உடனே அவரை நிறுத்தி இன்னொரு படம் எடுத்தார்கள். மத்தியானம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புதுப் படத்தில் பஞ்சை அடைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக. டாக்டர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"முதல் படம் யாரோடது?"

அவருக்கு இருமல் வந்தது.

"பேர் கேக்கல. யாரா இருந்தாலும் அந்த ஆளை மேல வரச் சொல்லு. இப்ப வந்தா இன்னும் ரொம்ப வருஷம் இருப்பான்."

அவரை இனிமேல் இறக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பயந்து பயந்து செத்த காகிதம் அது. வாங்கியதுகூட நினைவில்லை. வழியெல்லாம் ஆறுமுகத்தின் முகம்தான்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

"சொல்லாத" என்கிறார். "அவனுக்கு ரெண்டு சின்னது கீது. ஒரு வருஷம் நிம்மதியா இருக்கட்டுமே. சொன்னா இன்னிக்கே பாதி செத்துடுவான்."

"சொல்லலன்னா?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறைத்துவிடலாம் என்று ஜூலையில் நான் பேசிய பேச்சுத்தான். அவர் வாயிலிருந்து வரும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19, புதன்

அவர்கள் வீட்டு வாசல் வரை போனேன். தீப்பெட்டி இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பாப்பம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆறுமுகம் சிரித்தான். "என்னுதா? எனக்குத்தான் இருமலே இல்லியே அண்ணி! படம் மாறிப் போயிருக்கும்." பின்வாசலுக்குப் போய் ஆட்டுக்கல்லைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். இடுப்பு வரை தூக்கி நிறுத்திக் காட்டினான். "பாருங்க. எளைக்குதா? சொல்லுங்க, எளைக்குதா?" அவன் பெரிய பிள்ளை கைதட்டியது.

இளைக்கவில்லை. கல்லை மட்டும் கீழே வைக்கவே இல்லை.

பாப்பம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "ஒன் புருசன் பேர்ல போய் நின்னதாலதான் ஒட்டிகிச்சு. அவரு நோவ என் புருசன் மேல ஏத்தி அனுப்சிட்ட. நீ வந்து கேட்டியே, இதே எடத்துல நின்னுகினு கேட்டியே!"

அப்படி இல்லை பாப்பம்மா என்று சொல்லியிருக்கலாம். தூசி அவன் நெஞ்சில் முன்பே இருந்தது என்று சொல்லியிருக்கலாம். எதற்கு? கேட்டேன்தானே.

செப்டம்பர் 13, ஞாயிறு

ஆறுமுகம் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறான். காலை ஷிப்டுக்கு எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தினமும் நான் வெளியே நிற்கிறேன். "ஆறுமுகம், மேல வாப்பா." அவ்வளவுதான் சொல்கிறேன். அவன் தலையைத் திருப்புவதில்லை. பாப்பம்மா என்னைக் கண்டால் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். குழாயடியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்து ஒரு கிழவி காறித் துப்பினாள்.

துப்பட்டும். நாளைக்கும் நிற்பேன்.

அக்டோபர் 4, ஞாயிறு

இன்று அவனாகவே வந்தான். என்னைப் பார்க்கவில்லை. அவர் கட்டிலுக்கு எதிரே குந்திக்கொண்டான்.

"ஒனக்கு எப்ப ஆரம்பிச்சுது ணா?"

அவர் பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "ஒன் வயசுலதான்டா. லேசா ஒரு எளப்பு. தூக்கம் பத்தலன்னு நெனச்சிகினேன். அப்பவே எவனாச்சும் சொல்லியிருந்தா—" மிச்சத்தை இருமல் முடித்தது.

ஆறுமுகம் அவர் முதுகைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அக்டோபர் 6, செவ்வாய்

சொந்த டோக்கனோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். சாரதாதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். என்னிடம் அவளாக வந்து பேசி நாளாகிறது.

நவம்பர் 1, ஞாயிறு

வீட்டைக் காலி பண்ணினோம். வண்டியில் சாமான்களுக்கு நடுவில் அவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பங்காருபேட்டை வரை மூன்று தலையணையும் அவர் முதுகுக்குத்தான்.

நவம்பர் 8, ஞாயிறு. பங்காருபேட்டை

ஒரே அறை. ரயில் போனால் பாத்திரம் ஆடுகிறது. கடைத்தெருவில் ஒரு தையல்காரர் காஜா எடுக்கவும் பொத்தான் வைக்கவும் துணி கொடுத்திருக்கிறார். சாரதா இங்கிருந்து ரயிலில் பள்ளிக்கூடம் போகிறாள். அவருக்குக் கதவருகில் வெயில் வருகிற இடமாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். நாலு அடி நடந்தால் நிற்கிறார். டாக்டர் எனக்குத் தனியாகச் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

பதினோரு மணி வண்டியில் ஆறுமுகம் வந்தான். அவன் படத்திலும் அதே புள்ளிகள்தானாம். ஆரம்பம்தான் என்பதால் மர யார்டில் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கூலி கம்மி, ஆனால் மேலே. வீடும் இருக்கிறது. "வெயில்ல வேல செஞ்சி பழக்கமே இல்ல ணா, தலை சுத்துது" என்றான். இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பின்னாலேயே பாப்பம்மா. உள்ளே வரவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காபி கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். தொடவில்லை. ஆடை கட்டிவிட்டது. நான் உள்ளே வந்து தைக்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரை எடுக்கிற சத்தம் கேட்டது.

"சக்கர ஜாஸ்தி" என்றாள், தெருவைப் பார்த்துக்கொண்டு.

ஆகஸ்டுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எழுந்து போய் வேறு கலந்து கொடுத்தேன்.