வரதன் படகின் வைப்பர்

அலையடக்குபவள் துணை

பசியாவரம்
1996, ஐப்பசி 20

அன்பு மைத்துனன் வரதனுக்கு,

உன் அக்காள் இருசம்மாளும் நானும் நலம். நீயும் உன் குடும்பமும் நலமாயிருக்க அவள் வேண்டுகிறாள். நானும் முயன்று வேண்டுகிறேன்.

கார்த்திகை முதல் வெள்ளியன்று அம்மனைப் பழவேற்காட்டிலிருந்து இத்தீவுக்கு ஏரி கடத்திக் கொணரும் பேறு பன்னிரண்டு ஆண்டுகளாக என் படகுக்கே வாய்த்ததை நீ அறிவாய். இவ்வாண்டு ஊர்ப்பெரியவர்கள், மழையில் எவன் படகின் முன்கண்ணாடி தெளிவாயிருக்கிறதோ அவன் படகே என்று முடிவுசெய்து, பார்வையிட நாளும் குறித்துவிட்டார்கள். என் வைப்பரின் ரப்பரோ உப்பில் வெடித்துக் கிடக்கிறது. நேற்று மீன்கூடையோடு ஏறிய ருக்கு, "இன்னா மாமா, உன் போட்டுக்குக் கண்ணுல பூ வுழுந்துட்ச்சா? வரதன் போட்ல கண்ணாடி கீதா இல்லியான்னே தெரியல" என்றாள். படகே சிரித்தது.

அழுக்காறு பாவமென்று அன்றாடம் ஓதும் வாயால் கேட்கிறேன்: குறைந்த செலவில் அதை எவ்வாறு பேணுகிறாய்? நேரில் கேட்க நா எழவில்லை. ருக்குவின் கையில் இதை அனுப்புகிறேன்.

தேசப்பன்


பழவேற்காடு
ஐப்பசி 22

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. முழு வைப்பர் வாங்காதீர்கள். பொன்னேரியில் ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும். பழையதை உருவி, அதிலுள்ள இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளையும் புதியதில் செருகி, நீளத்தைப் பிளேடால் நறுக்கினால் போதும். தினமும் கரையேறியதும் ரப்பரையும் கண்ணாடியையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காய்ந்த கண்ணாடியில் ஓட்டாதீர்கள். ஓட்டாத வேளையில் அடியில் ஒரு மரத்துண்டு வைத்துத் தூக்கிவிடுங்கள். முக்கியமாக, ரப்பரில் எண்ணெய் படக்கூடாது.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வரதன்


பசியாவரம்
ஐப்பசி 29

வரதனுக்கு,

பெரியவர்கள் இன்று வந்தார்கள், பார்த்தார்கள், இறங்கினார்கள்.

வெள்ளிதோறும் படகின் முகப்புக்கும் சுக்கானுக்கும் அம்மன் விளக்கின் எண்ணெய் பூசுவது நம் வழக்கம். வைப்பருக்கு மட்டும் கூடாதென்று நீ தனித்து எழுதியதும், சூட்சுமம் அதில்தான் இருக்கிறது, ஆகவேதான் தடுக்கிறான் என்று தெளிந்தேன். புது ரப்பருக்கு இருமுறை பூசினேன். அது ஊறிப் பருத்து, கண்ணாடி முழுதும் மெழுகிவிட்டது. வழி தெரியாமல் நடு ஏரியில் படகை மண்திட்டின்மேல் ஏற்றினேன், பெரியவர்களோடு.

நீ உண்மையை எழுதினாய். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

தேசப்பன்


பழவேற்காடு
கார்த்திகை 2

மாமா அவர்களுக்கு,

அம்மனை என் படகில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். பதிகம் பாட உங்களை விட்டால் ஆளில்லை. நீங்கள் ஏறாவிட்டால் நானும் படகை எடுக்கமாட்டேன்.

வரதன்


பசியாவரம்
கார்த்திகை 9

அன்பு வரதனுக்கு,

நேற்று முன்தினம் நிகழ்ந்ததில் நீ அறியாதது ஒன்றுண்டு.

அம்மன் நமக்குப் பின்னே வீற்றிருக்க, மழை கொட்ட, பதிகத்தின் மூன்றாம் பாடலில் உன் வைப்பர் நின்றது. விசையைத் தட்டிப் பார்த்து, "மாமா, மோட்டார் பூட்ச்சு" என்றாய். நான் கண்மூடி நான்காம் பாடலையும் ஐந்தாம் பாடலையும் பாடினேன். பக்தி என்று எண்ணியிருப்பாய். மகிழ்ச்சி, வரதா. ஈராண்டாக அவ்வளவு இனிமையாக நான் பாடியதில்லை.

உன் அக்காள்தான் பின்னாலிருந்து, "இன்னாய்யா, பாடினே கீறே? அம்மாவையும் மண்ணுல ஏத்தணுமா?" என்றாள். கண் திறந்தேன். கண்ணாடிக்கு அப்பால் எதுவுமில்லை. அதன்பின்தான் எழுந்து, வைப்பரின் கையைக் கழற்றி, வெளியே சாய்ந்து கரைவரை துடைத்தேன். மீதி ஐந்து பாடல்களுக்கு மூச்சில்லை. அவற்றை அம்மன் பாடியதாக வைத்துக்கொள்ளட்டும்.

வலத்தோளை இன்னும் தூக்க முடியவில்லை. ருக்கு போவோர் வருவோரிடமெல்லாம், "அம்மாவ இட்டாந்தது தேசப்பன் மாமா கைதான்" என்கிறாளாம். நான் மறுக்கவில்லை.

அடுத்த ஆண்டும் உன் படகே செல்லட்டும். புது ரப்பர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், எண்ணெய் தொடவில்லை. நீ மட்டும் அந்த மோட்டாரைப் பழுதுபார்க்க அவசரப்படாதே.

உன் மாமன்,
தேசப்பன்