வராத போனும் எடுக்காத போனும்

இன்று காலை லேபில், பாலில் கொழுப்பு பார்க்கப் பயன்படும் அமைல் ஆல்கஹால் பாட்டில் ஒன்று கைதவறி உடைந்துவிட்டது. அந்த நெடி வராந்தாவைத் தாண்டி என் அறைக்குள் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த நெடி அது, அண்ணா. இந்தப் பால் குளிரூட்டும் நிலையத்துக்கு நான் மேனேஜராக வந்த முதல் நாள் மூக்கைப் பொத்தியதைப் பார்த்து, "பழகிருங்க சார்" என்றீர்கள். பழகித்தான் போயிற்று.

உங்களைவிட நான் ஒன்பது வயது சின்னவன். நீங்கள் சார் என்பீர்கள், நான் அண்ணா என்பேன். மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் பாலில் கொழுப்பு பார்ப்பது உங்கள் வேலை. அதில் யாருடைய சிபாரிசும் உங்களிடம் செல்லாது, என்னுடையதும்கூட.

டேங்கர் டிரைவர் குடலிறக்க ஆபரேஷனுக்காக லீவு போட்டிருந்தார். தலைமை அலுவலகம் நெருக்கியதால், தினமும் காலையில் அவருக்குப் போன் செய்து எப்போது வருவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தையல் பிரிக்கும் முன்பே மனிதர் வண்டியேறிவிட்டார். ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டு அவர் இறங்கியதைப் பார்த்த நீங்கள் நேராக என் அறைக்கு வந்தீர்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"படுத்துக் கெடக்கறவன விடுங்க சார். போனு அடிச்சுட்டே இருந்தா அவன் ஒடம்பப் பாப்பானா, உங்களப் பாப்பானா?"

எனக்குச் சுருக்கென்றது. அதை மறக்கவே இல்லை.

அடுத்த வருடம் உங்கள் சிறுநீரகங்கள் கெட்டன. டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு நாள் தருமபுரி போக வேண்டியிருந்ததால் நீண்ட லீவு போட்டீர்கள். டிரைவருக்காக நீங்கள் சொன்னபடியே உங்களிடமும் நடந்துகொண்டேன்; எப்போது வருவீர்கள் என்று போன் செய்து கேட்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அண்ணனை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். பாலக்கோட்டிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக வரவழைத்தேனே தவிர, வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரை எடுக்கவிடவில்லை. நல்ல மேனேஜர்தான் நான் என்று எனக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது.

நான்காவது மாதம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகச் சந்தித்தோம். பாதியாக இளைத்திருந்தீர்கள். புது மெஷின் வந்துவிட்டதா, ஆசிட் இருப்பு எவ்வளவு என்று கேட்டீர்கள். அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்கண்ணா, உடம்பைப் பாருங்கள் என்றேன். பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அசதி என்று நினைத்தேன்.

எட்டாவது மாதம் லீவு நீட்டிப்புக்கு உங்கள் கையெழுத்து தேவைப்பட்டது. ஒரே ஒரு முறை போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. தூங்குகிறீர்கள் போலும் என்று படிவத்தை ஆள் மூலம் அனுப்பிவைத்தேன். கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதற்கடுத்த மாதம் நீங்கள் இல்லை.

காரியம் முடிந்த பிறகு உங்கள் வீட்டுக்கு வந்தேன். அண்ணி காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். குறை சொல்லும் குரலே இல்லை.

"ஒரு போனு கூட வரலியேன்னு சொல்லிட்டே இருந்தாருங்க. வேலைய விட்டு எடுத்துட்டாங்களோன்னு பயம். அப்புறம் ஒருநா உங்க போனு வந்துச்சுங்களே, நான்தான் எடுக்கப் போனேன். எடுக்காத, எப்ப வர்றேன்னு கேப்பாங்கன்னுட்டாருங்க."

இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். எனக்குத்தான் இன்றுவரை இரண்டும் சேரவில்லை. போன் வரவில்லை என்று ஏங்கிய நீங்கள் வந்ததை ஏன் எடுக்கவில்லை? டிரைவருக்காக அன்று என்னிடம் பேசினீர்களே, அது உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொண்டது பிசகா? வாரம் ஒரு முறை வீட்டுக்கே வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்களா, இல்லை, வேவு பார்க்க வந்திருக்கிறான் என்று சட்டையை மாட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பீர்களா? யோசிக்க யோசிக்க ஒரு நாள் ஒன்று சரியாகப் படுகிறது, மறுநாள் இன்னொன்று.

கேன் கழுவும் பிரிவில் இருக்கும் செல்வி முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். போன திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டு, நான் அவ்வப்போது போன் செய்யட்டுமா, வேண்டாமா என்று நேராகவே கேட்டுவிட்டேன். உங்களிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

செல்வி கொஞ்சம் யோசித்தார். "தெரியலைங்க சார்" என்றார்.

ஆனால் அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை, அண்ணா.